‘தெனேர்’ எங்கே இடறுகிறது? அறிகுறியைக் கண்டு பிழையை நீக்கும் வழி

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எதிர்ப்படும் வினைச்சொல் ‘தெனேர்’. அகராதியில் ‘உடைமையாகக் கொண்டிருத்தல்’ என்ற பொருள் முதலில் நிற்கும். அந்த ஒரு பொருளை மட்டும் நம்பி வாக்கியம் அமைக்கப் போனால் வழி தவறிவிடும். பசி, வயது, குளிர், பயம், அவசரம், கடமை, அதிர்ஷ்டம் என எல்லாவற்றுக்கும் ஸ்பானியர்கள் இதே வினையைத்தான் எடுக்கிறார்கள். வடிவங்களும் ஒழுங்கற்றவை. ஓரிடத்தில் ‘தெங்’, இன்னோரிடத்தில் ‘தியேன்’, மற்றோரிடத்தில் ‘தூவ்’ என்று அடிச்சொல்லே மாறிக்கொண்டிருக்கும்.

நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகவே ஸ்பானியம் கற்கிறோம். தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கி, அதை மறுபடியும் ஸ்பானியமாக்குகிறோம். இந்தச் சுற்றுவழி ‘தெனேர்’ விஷயத்தில் பெரும் கேடு செய்கிறது. தமிழில் ஏற்கெனவே தெளிவாக இருக்கும் வேறுபாடுகளை ஆங்கிலம் வழியில் அழித்துவிடுகிறது. பிறகு அதே வேறுபாடுகளைப் புதிய இலக்கணமாக மனப்பாடம் செய்ய வேண்டியதாகிறது. கீழே உள்ள திருத்தங்கள் எல்லாம் தமிழிலிருந்து நேரே ஸ்பானியத்துக்குப் போகின்றன. உங்கள் பிழை எந்த அறிகுறியோடு பொருந்துகிறதோ அங்கே நேரடியாகப் போய்ப் படிக்கலாம்.

ஒலிப்பைப் பற்றிச் சிறு குறிப்பு. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ‘தெனேர்’ குடும்பச் சொற்களின் தொடக்கத் தகரம் ‘தமிழ்’ என்பதில் உள்ளது போல வல்லொலி. ‘தோஸ்’ (இரண்டு), ‘தினேரோ’ (பணம்), ‘துவேலே’ (வலிக்கிறது) ஆகியவற்றில் ‘தயவு’ என்பதில் உள்ளது போல மெல்ல ஒலிக்க வேண்டும். சொல்லின் இடையே ஒற்றைத் தகரம் வந்தால் ‘அது’ என்பதில் கேட்கும் ஒலி. ‘த்த’ என்று இரட்டித்திருந்தாலோ ‘ஸ்’, ‘க்’, ‘ப்’ ஆகியவற்றை அடுத்து வந்தாலோ வல்லொலி. சொல்லின் கடைசியில் வரும் நெடிலைக் குறுக்கிச் சொல்லுங்கள்.

## வினை யாரைப் பின்பற்ற வேண்டும் என்று தெரியாமல் குழம்புகிறது

‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பதைச் சொல்ல முயன்று ‘யோ தியேனென் தோஸ் எர்மானோஸ்’ என்கிறீர்கள். ‘தியேனென்’ என்பது ‘அவர்கள்’ என்பதற்கு உரிய வடிவம்; ‘நான்’ என்பதற்கு வரக் கூடாது.

காரணம் தமிழ் வாக்கியத்திலேயே இருக்கிறது. ‘இருக்கிறார்கள்’ என்ற வினை தம்பிகளைத்தான் பின்பற்றுகிறது. ‘எனக்கு’ நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறது; எழுவாய் ‘தம்பிகள்’. ஸ்பானியத்தில் இது தலைகீழ். உடையவரே எழுவாய், உடைமை செயப்படுபொருள். தம்பி ஒருவரானாலும் பத்துப் பேரானாலும் வினை ‘நான்’ என்பதையே பார்க்கும்: ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’.

ஆகவே வாக்கியம் தொடங்குமுன் ‘எனக்கு’, ‘அவளுக்கு’, ‘எங்களிடம்’ என்பவற்றிலிருந்து வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டு ‘நான்’, ‘அவள்’, ‘நாங்கள்’ என்று மனத்தில் நிறுத்துங்கள். அதற்கேற்ப வினையை எடுங்கள். நான் ‘தெங்கோ’, நீ ‘தியேனெஸ்’, அவன் அல்லது அவள் ‘தியேனே’, நாம் ‘தெனேமோஸ்’, ஸ்பெயினில் நீங்கள் எல்லோரும் ‘தெனேய்ஸ்’, அவர்கள் ‘தியேனென்’. வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடுவதால் ‘யோ’ என்பதைச் சொல்லத் தேவையில்லை. தமிழில் ‘வருகிறேன்’ என்றாலே ‘நான்’ அதற்குள் அடங்கிவிடுகிறதல்லவா, அதே வசதி இங்கேயும் உண்டு.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம் மரியாதை. ‘நீங்கள்’ என்று ஒரு பெரியவரிடம் பேசும்போது பன்மைதான் மரியாதை என்ற பழக்கத்தில் ‘தியேனென்’ என்று சொல்லிவிடுகிறோம். அது பலரைப் பார்த்துச் சொல்வது. ஒருவரிடம் மரியாதையாகப் பேச ‘உஸ்தெத் தியேனே’. படர்க்கை ஒருமை வினைதான் வரும்.

## பசிக்கிறது என்று சொன்னால் கேட்பவர் விழிக்கிறார்

‘எஸ்தோய் அம்ப்ரே’ அல்லது ‘சோய் அம்ப்ரே’ என்று சொல்லியிருப்பீர்கள். இரண்டும் ஆங்கிலம் கற்றுத் தந்த பிழை. அங்கே ‘பசித்த’ என்பது ஒரு பெயரடை. ஸ்பானியத்தில் ‘அம்ப்ரே’ என்பது பசி என்ற பெயர்ச்சொல். ‘நான் பசி’ என்று தமிழில் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் ‘சோய் அம்ப்ரே’ அவர்கள் காதில் விழும்.

திருத்தம்: ‘தெங்கோ அம்ப்ரே’. இந்த ஒரே அச்சில் ஒரு பெரிய குடும்பம் வந்துவிடும். ‘தெங்கோ செத்’ தாகமாக இருக்கிறது, ‘தெங்கோ சுவேஞ்ஞோ’ தூக்கம் வருகிறது, ‘தெங்கோ மியேதோ’ பயமாக இருக்கிறது, ‘தெங்கோ ப்ரீசா’ அவசரமாக இருக்கிறேன், ‘தெங்கோ சுவேர்த்தே’ எனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. ‘நீ சொல்வது சரி’ என்பதும் இதில்தான் சேர்கிறது: ‘தியேனெஸ் ரசோன்’. ‘எஸ்தாஸ் கொர்ரேக்தோ’ என்று பலர் ஆங்கிலத்திலிருந்து கொண்டுவருகிறார்கள், விட்டுவிடுங்கள்.

அடுத்த பிழை உடனே பின்னால் வரும். ‘மிகவும்’ சேர்க்கும்போது ‘முய் அம்ப்ரே’ என்கிறோம். ‘முய்’ பெயரடைக்கும் வினையடைக்கும் மட்டுமே. பெயர்ச்சொல்லுக்கு ‘மூச்சோ’ அல்லது ‘மூச்சா’ வேண்டும். பசி பெண்பால், ஆகவே ‘மூச்சா அம்ப்ரே’. இதை ஆண்பால் என்று பலரும் நினைக்கக் காரணம் உண்டு. அழுத்தமான அகரத்தில் தொடங்கும் பெண்பால் சொற்களின் முன்னே ஒலி நயத்துக்காக ‘எல்’ என்ற சுட்டு வரும். ‘எல் அம்ப்ரே’ என்று கேட்டுப் பழகியவர் அதை ஆண்பாலாக எடுத்துக்கொள்கிறார். தாகம், அவசரம், அதிர்ஷ்டம் மூன்றும் பெண்பால். குளிர், வெப்பம், தூக்கம், பயம் ஆண்பால்: ‘மூச்சோ ஃப்ரீயோ’, ‘மூச்சோ மியேதோ’.

## ‘மே தெங்கோ அம்ப்ரே’ என்று ஒரு ‘மே’ ஒட்டிக்கொள்கிறது

இது நல்ல மாணவர்களுக்கு வரும் பிழை. ‘மே கூஸ்தா’ என்பதைக் கற்றதும் நமக்குப் பெரிய ஆறுதல். ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதன் அமைப்பு அப்படியே அதில் இருக்கிறது. எனக்கு என்பது ‘மே’, பிடிக்கும் என்பது ‘கூஸ்தா’, பிடித்த பொருள் எழுவாய். ஆங்கிலம் பேசுவோர் திணறும் இடத்தை நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். அந்த மகிழ்ச்சியில், ‘எனக்கு’ வரும் இடமெல்லாம் ‘மே’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இங்கே செய்ய வேண்டிய சோதனை: ‘எனக்கு’ என்பதை விட்டு அடுத்த சொல்லைப் பாருங்கள். அது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா? ‘எனக்குத் தலைவலி’ என்றால் தலைவலி பெயர். ‘தெங்கோ தொலோர் தே கவேசா’. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றால் வலிக்கிறது வினை. ‘மே துவேலே லா கவேசா’. இரண்டும் சரி, இரண்டும் நம் தமிழோடு ஒத்துப்போகின்றன. காய்ச்சலும் அப்படித்தான்: ‘தெங்கோ ஃபியேவ்ரே’.

இந்தச் சோதனைக்கு அடங்காதவை பசிக்கிறது, குளிர்கிறது, வியர்க்கிறது போன்றவை. பசியும் குளிரும் தமிழில் வினையாகவும் வரும், ஸ்பானியத்தில் ‘தெனேர்’ உடன் பெயராகவே வரும். வியர்த்தலுக்கு ஸ்பானியத்தில் தனி வினை உண்டு. ‘தெரியும்’, ‘புரிகிறது’, ‘(ஒரு பொருள்) வேண்டும்’ ஆகியவற்றுக்கும் அப்படியே. அவற்றை ‘தெனேர்’ கூடையில் போடாதீர்கள்.

## வயது சொன்னால் சிரிக்கிறார்கள்

இரண்டு பிழைகளில் ஒன்று. ‘சோய் வெய்ன்த்தே ஆஞ்ஞோஸ்’ என்று சொல்லியிருந்தால் ‘நான் இருபது ஆண்டுகள்’ என்றாகிறது. ‘எனக்கு இருபது வயது’ என்பது ‘தெங்கோ வெய்ன்த்தே ஆஞ்ஞோஸ்’.

மற்றது ஞகரம். ஆண்டு என்ற சொல்லில் உள்ள ஒலி நம் ‘ஞ’ தான். விசைப்பலகையில் அந்த எழுத்துக்கு மேலுள்ள அலைக்குறியைப் போடாமல் விட்டால் சொல் ‘ஆனோஸ்’ ஆகிவிடும். அதன் பொருள் மலத்துளைகள். ஞகரத்தைத் தன் நெடுங்கணக்கிலேயே வைத்திருக்கும் மொழிக்காரர்கள் இதை வாயால் தவறவிடக் காரணமே இல்லை. எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்.

கடந்த காலத்தில் வயது சொல்ல எப்போதும் ‘தெனீயா’. ‘எனக்கு எட்டு வயது இருந்தபோது’ என்பது ‘குவாந்தோ தெனீயா ஓச்சோ ஆஞ்ஞோஸ்’. இங்கே ‘தூவே’ வராது. ஏன் என்பது சற்றுக் கீழே.

## குளிரும் வெப்பமும் ஆளுக்கா, வானிலைக்கா, சூப்புக்கா?

மூன்றுக்கும் மூன்று வினை. ஆளுக்குக் குளிர்ந்தால் ‘தெங்கோ ஃப்ரீயோ’. வெளியே குளிராக இருந்தால் ‘ஆசே ஃப்ரீயோ’. சூப் ஆறிப்போயிருந்தால் ‘லா சோப்பா எஸ்தா ஃப்ரீயா’. ‘சோய் ஃப்ரீயோ’ என்று சொன்னால் நான் அன்பற்ற, உணர்ச்சியற்ற மனிதன் என்று பொருள்.

வெப்பத்தில் கூடுதல் எச்சரிக்கை: ‘எனக்குப் புழுக்கமாக இருக்கிறது’ என்பதற்கு ‘எஸ்தோய் கலியேன்த்தே’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். அது பாலியல் வேட்கையைக் குறிக்கும். ‘தெங்கோ கலோர்’ என்பதே சரி.

## ‘இருக்கிறது’ என்றால் எந்த வினை என்று கை நின்றுவிடுகிறது

தமிழரின் உண்மையான சிக்கல் இதுதான். நம் ‘இரு’ ஒற்றை வினை. அதன் வேலையை ஸ்பானியம் பலரிடம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ‘இல்லை’ என்ற ஒரே சொல்லும் அப்படியே சிதறும்.

மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். ‘பால் இல்லை’ என்பது ‘நோ அய் லேச்சே’. ‘அம்மா வீட்டில் இல்லை’ என்பது ‘மி மாத்ரே நோ எஸ்தா என் காசா’. ‘என்னிடம் பணம் இல்லை’ என்பது ‘நோ தெங்கோ தினேரோ’. முதலாவதில் ஒரு பொருள் உள்ளதா இல்லையா என்பதே செய்தி. இரண்டாவதில் நமக்குத் தெரிந்த ஒருவர் எங்கே என்பது செய்தி. மூன்றாவதில் ‘இடம்’ என்ற உருபு உடையவரைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்த உருபுதான் உங்கள் அளவுகோல். வாக்கியத்தில் உடையவரைக் காட்டும் ‘கு’ அல்லது ‘இடம்’ இருந்தால் ‘தெனேர்’. இடத்தைக் காட்டும் ‘இல்’ மட்டும் இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. ‘மத்ரீதில் பல அருங்காட்சியகங்கள் இருக்கின்றன’ என்றால் ‘என் மத்ரீத் அய் மூச்சோஸ் முசேயோஸ்’. ‘ப்ராதோ அருங்காட்சியகம் மத்ரீதில் இருக்கிறது’ என்றால் ‘எல் முசேயோ தெல் ப்ராதோ எஸ்தா என் மத்ரீத்’. 1819-இல் திறக்கப்பட்ட, எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தின் இருப்பிடம் கேட்கப்படுகிறது. ‘மத்ரீதுக்குப் பல அருங்காட்சியகங்கள் உண்டு’ என்று நகரையே உடையவராக்கினால் ‘மத்ரீத் தியேனே மூச்சோஸ் முசேயோஸ்’. இதுவும் இயல்பான வாக்கியமே.

தெருவில் ஒருவரை நிறுத்தி ‘பக்கத்தில் வங்கி இருக்கிறதா?’ என்று கேட்க ‘அய் உன் பாங்கோ சேர்க்கா?’ என்பதே முறை. ‘தியேனே’ என்று தொடங்கினால் அவரிடம் சொந்தமாக வங்கி உண்டா என்று கேட்பதாகிவிடும். கடைக்காரரிடம் மட்டும் ‘தியேனே லேச்சே?’ என்று கேட்கலாம், அவர் உண்மையிலேயே வைத்திருப்பவர் என்பதால்.

## ‘சாப்பிட்டிருக்கிறேன்’ என்பதற்கு ‘தெங்கோ கொமீதோ’ வருகிறது

‘கொண்டிருத்தல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள வினையே துணைவினையாகவும் வருவதால் வந்த பிழை. ஸ்பானியத்தில் அந்தத் துணைவினை வேலை ‘அவேர்’ என்னும் இன்னொரு வினையுடையது: ‘ஏ கொமீதோ’.

இடைக்கால ஸ்பானியத்தில் உடைமையைச் சொல்லவும் ‘அவேர்’ தான் இருந்தது. ‘தெனேர்’ லத்தீனிலிருந்து வந்தபோது அதற்குப் ‘பிடித்திரு’ என்ற பொருள். மெல்ல மெல்ல அது உடைமை முழுவதையும் எடுத்துக்கொள்ள, பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் ‘அவேர்’ துணைவினையாகவும் ‘அய்’ என்ற வடிவிலும் ஒதுங்கியது. பொருள்கள் எப்படிப் பிரிந்தன என்று தெரிந்தால் இன்றைய ஒழுங்கு மனத்தில் நன்றாகப் பதியும்.

ஆனால் ‘தெங்கோ’ உடன் வினையெச்சம் போன்ற வடிவம் வரும் இடம் ஒன்று உண்டு. அதைத் தமிழ் அற்புதமாக விளக்குகிறது. ‘மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன்’ என்பது ‘ஏ எஸ்க்ரீத்தோ த்ரேஸ் கார்த்தாஸ்’. ‘மூன்று கடிதங்கள் எழுதி வைத்திருக்கிறேன்’ என்பது ‘தெங்கோ எஸ்க்ரீத்தாஸ் த்ரேஸ் கார்த்தாஸ்’. செய்து முடித்த வேலையின் விளைவு இப்போது கையில் இருக்கிறது என்பதை நம் ‘வைத்திரு’ சொல்வது போலவே அவர்களின் ‘தெனேர்’ சொல்கிறது. ‘எஸ்க்ரீத்தாஸ்’ என்பது கடிதங்களின் பாலையும் எண்ணையும் ஏற்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். ‘அவேர்’ உடன் அது மாறாது.

## ‘தூவே’ வேண்டுமா, ‘தெனீயா’ வேண்டுமா?

இரண்டும் இறந்தகாலம். ஆங்கில நூல்கள் இதற்குப் பக்கம் பக்கமாக விதிகள் தருகின்றன, ஏனென்றால் அந்த மொழி இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் வேறு வேறு வினைகளே உள்ளன. அவற்றைக் கேட்டாலே போதும்.

ஒரு நிலை நீடித்தது என்றால் தமிழ் ‘இருந்தது’ என்கிறது, அது ‘தெனீயா’. ஒன்று நேர்ந்தது, கிடைத்தது, பிறந்தது, தோன்றியது, ஆயிற்று என்றால் ‘தூவே’ அல்லது ‘தூவோ’. ‘அவளுக்கு ஒரு மகன் இருந்தான்’ என்பது ‘தெனீயா உன் ஈஹோ’. ‘அவளுக்கு ஒரு மகன் பிறந்தான்’ என்பது ‘தூவோ உன் ஈஹோ’. ‘எனக்கு ஒரு யோசனை தோன்றியது’ என்பது ‘தூவே உனா இதேயா’.

‘சுவேஞ்ஞோ’ என்ற சொல்லுக்குத் தூக்கம், கனவு என இரு பொருள் உண்டு. ‘தெனீயா சுவேஞ்ஞோ’ என்றால் ‘தூக்கம் தூக்கமாக வந்தது’. ‘தூவே உன் சுவேஞ்ஞோ’ என்றால் ‘ஒரு கனவு கண்டேன்’. வயதுக்கு ஏன் எப்போதும் ‘தெனீயா’ என்பதும் இப்போது விளங்கும். எட்டு வயது என்பது நேர்ந்துவிட்டுப் போகும் நிகழ்ச்சி அல்ல, அப்போது இருந்த நிலை.

கடமையில்தான் இது மிக அழகாகப் பொருந்துகிறது. ‘படிக்க வேண்டியிருந்தது, ஆனால் தூங்கிவிட்டேன்’ என்பது ‘தெனீயா கே எஸ்துதியார், பேரோ மே தோர்மீ’. கடமை இருந்தது; நிறைவேறியதா என்பது திறந்தே கிடக்கிறது. ‘இரவு முழுவதும் படிக்க வேண்டியதாயிற்று’ என்பது ‘தூவே கே எஸ்துதியார் தோதா லா நோச்சே’. இங்கே படித்தே தீர்த்தாயிற்று. ‘வேண்டியிருந்தது’, ‘வேண்டியதாயிற்று’ என்ற இரண்டையும் வாயில் சொல்லிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதன் இணையை எடுங்கள். எந்த விளக்கப்படமும் இதைவிட விரைவாக விடை தராது.

## ‘தெனேர் கே’ வாக்கியத்தில் ஏதோ ஒன்று குறைகிறது அல்லது மிகுகிறது

‘தெங்கோ ஈர்’ என்று ‘கே’ இல்லாமல் சொன்னால் பொருள் நிற்காது. ‘தெங்கோ கே ஈர்’, நான் போக வேண்டும். ‘கே’ க்குப் பின் வினை மாறாத அடிப்படை வடிவில் நிற்கும். ‘தெங்கோ கே வோய்’ என்று அதையும் மாற்றிவிடக் கூடாது.

ஆள் குறிப்பிடாமல் ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்ல ‘அய் கே தெனேர் குயிதாதோ’.

எதிர்மறையில்தான் ஆபத்து. ‘நோ தியேனெஸ் கே ஈர்’ என்பதன் முதற்பொருள் ‘நீ போக வேண்டியதில்லை’. ‘நீ போகக் கூடாது’ என்று தடுக்க நினைத்தால் ‘நோ தேவெஸ் ஈர்’ என்பது பாதுகாப்பானது. தமிழில் ‘வேண்டியதில்லை’, ‘கூடாது’ என இரண்டும் பிரிந்தே இருக்கின்றன. மனத்தில் எது வந்ததோ அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.

## வடிவங்கள் வாயில் வரவில்லை

‘தேனோ’, ‘தியேனோ’ என்று வந்தால்: ‘நான்’ வடிவில் மட்டும் ககரம் நுழைகிறது, ‘தெங்கோ’. விருப்பம், ஐயம், வேண்டுகோள் ஆகியவற்றுக்கான ‘தெங்கா’, ‘தெங்காஸ்’ வரிசை முழுவதும் இந்த ககரத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ‘பயப்படாதே’ என்பது ‘நோ தெங்காஸ் மியேதோ’.

‘தியேனேமோஸ்’ என்று வந்தால்: அழுத்தம் முதலசையில் விழும்போதுதான் ‘தெ’ பிளந்து ‘தியே’ ஆகும். ‘தெனேமோஸ்’ என்பதில் அழுத்தம் நடுவில் இருப்பதால் பிளவு இல்லை.

‘தெனியோ’ என்று வந்தால்: இறந்தகாலத்தில் அடிச்சொல் ‘தூவ்’. தூவே, துவீஸ்தே, தூவோ, துவீமோஸ், துவியேரோன். ‘தூவே’, ‘தூவோ’ இரண்டிலும் அழுத்தம் முதலசையில். கடைசி எழுத்தின் மேல் அழுத்தக்குறி போடாதீர்கள். ஒழுங்கான வினைகளில் குறி போட்டுப் பழகிய கை இங்கேயும் போட்டுவிடும்.

‘தெனெரே’ என்று வந்தால்: எதிர்காலத்தில் நடு உயிர் விழுந்து, னகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையே ஒரு தகர ஒலி புகுகிறது. நமக்கு இது புதிதல்ல. ‘தென்றல்’ என்பதை உரக்கச் சொல்லுங்கள். ‘ன்ற’ என்ற இடத்தில் அதே ஒலி எழுகிறது. ‘தென்றே’ நான், ‘தென்றா’ அவன். இந்த வடிவத்தைத் தமிழர் பிழையாகச் சொல்ல வாய்ப்பே இருக்கக் கூடாது.

ஏவல் மிகச் சிறியது: ‘தென்’. ‘கவனமாயிரு’ என்பது ‘தென் குயிதாதோ’.

‘மன்த்தெனேர்’ (பராமரித்தல்), ‘ஒப்தெனேர்’ (பெறுதல்), ‘தெத்தெனேர்’ (நிறுத்துதல்; இதில் மட்டும் தொடக்கத் தகரத்தை மெல்ல ஒலிக்க வேண்டும்) ஆகியவை இதே குடும்பம். ‘ஒப்தெனீ’ என்று ஒழுங்கு வினை போல மாற்றினால் பிழை. ‘ஒப்தூவே’ என்று தாய்வினையின் வழியிலேயே போக வேண்டும்.

## எதிர்காலம் பேசவில்லை, ஆனாலும் ‘தென்றா’ என்கிறார்கள்

‘தென்றா குவரென்த்தா ஆஞ்ஞோஸ்’ என்று கேட்டு, ‘அவருக்கு எப்போது நாற்பது வயது ஆகும்?’ என்று குழம்பியிருப்பீர்கள். தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள்: ‘அவருக்கு நாற்பது வயது இருக்கும்’. ஊகம்தான். நம் ‘இருக்கும்’ செய்யும் அதே வேலையை ‘தென்றா’ செய்கிறது. அன்றைய வயதை இன்று ஊகித்தால் ‘தென்றீயா குவரென்த்தா ஆஞ்ஞோஸ்’, அதாவது ‘அப்போது அவருக்கு நாற்பது வயது இருந்திருக்கும்’. இந்த அமைப்பைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். உங்கள் பேச்சில் உடனே ஓர் இயல்பு வந்துவிடும்.

## ‘பணம் இருந்தால்’ என்பதில் ‘சி தென்றீயா’ என்று வருகிறது

‘இருந்தால்’ என்பதில் உள்ள நிபந்தனையைக் காட்டும் ‘சி’ க்குப் பின் ‘தென்றே’, ‘தென்றீயா’ வகை வடிவங்கள் வரக் கூடாது. உண்மையில் நடக்கக்கூடியது என்றால் ‘சி தெங்கோ தினேரோ’. இல்லாததைக் கற்பனை செய்தால் ‘சி துவியேரா தினேரோ’, இருந்திருந்தால் என்றால் ‘சி உவியேரா தெனீதோ தினேரோ’. தமிழில் ‘இருந்தால்’ முதலிரண்டுக்கும் பொது. ஆகவே இங்கே தமிழ் உதவாது, நீங்களே முடிவு செய்ய வேண்டும்: பணம் வரக்கூடுமா, வெறும் கற்பனையா? வட ஸ்பெயினின் சில பகுதிகளில், பாஸ்க் நாடு உள்பட, மண்ணின் மைந்தர்களே ‘சி தென்றீயா’ என்று பேசுவதைக் கேட்கலாம். அதைப் பின்பற்றித் தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும்.

## ஆட்களைச் சொல்லும்போது ‘அ’ வேண்டுமா, ‘உன்’ வேண்டுமா?

செயப்படுபொருள் மனிதராக இருந்தால் முன்னே ‘அ’ சேர்க்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். ‘தெனேர்’ பெரும்பாலும் அதற்கு விலக்கு: ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’. குறிப்பிட்ட ஒருவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லும்போது மட்டும் அது திரும்பி வரும்: ‘தெங்கோ அ மி மாத்ரே என்ஃபேர்மா’, என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

‘ஒரு’ என்பதையும் அளவோடு போடுங்கள். ‘என்னிடம் கார் இல்லை’ என்பது ‘நோ தெங்கோ கோச்சே’. இடையே ‘உன்’ தேவையில்லை.

## புத்தகத்தில் இல்லாத ‘தெனேர்’ காதில் விழுகிறது

‘கே தியேனெஸ்?’ என்று ஒருவர் கவலையோடு கேட்டால் கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. ‘உனக்கு என்ன ஆயிற்று?’ என்கிறார். கடைக்காரர் பொருளை நீட்டி ‘அக்கீ தியேனே’ என்றால் ‘இந்தாருங்கள்’. ‘தெனேர் எக்ஸித்தோ’ வெற்றி பெறுதல், ‘தெனேர் லுகார்’ நடைபெறுதல். ‘தெனேர் என் குவென்த்தா’ என்பதில் ‘குவென்த்தா’ என்றால் கணக்கு. முழுத் தொடரும் நம் ‘கணக்கில் எடுத்துக்கொள்’ தான்.

மெக்சிகோவில் ஒருவர் ‘தெங்கோ தோஸ் ஆஞ்ஞோஸ் விவியேந்தோ அக்கீ’ என்றால் அவருக்கு இரண்டு வயது என்று பொருளல்ல. இரண்டு ஆண்டுகளாக அங்கே வசிக்கிறார். ஸ்பெயினில் இதையே ‘யேவோ தோஸ் ஆஞ்ஞோஸ்’ என்று வேறு வினையால் சொல்வார்கள். ஆர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ‘நீ’ என்பதற்கு ‘வோஸ்’. அதற்கான வடிவம் ‘தெனேஸ்’, ஏவல் ‘தெனே’. பிளவும் இல்லை, குறுக்கமும் இல்லை. புவெனோஸ் ஐரிஸில் ‘தெனேஸ் ரசோன்’ என்று உங்களிடம் சொன்னால் பேசியவர் பிழை செய்யவில்லை. அது அந்த நாட்டின் செம்மையான வழக்கு. நீங்கள் ‘தியேனெஸ்’ என்றே சொன்னாலும் அவருக்குப் புரியும்.